அக்ஷிதாவைப் பிடிக்கும் மரியாதை

கோயில் நோம்பியில் முதல் மரியாதை யாருக்கு என்று சண்டை வராத ஊர் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெருந்துறை மில்லின் பெண்கள் கூடைப்பந்து அணியில் மட்டும் அந்தச் சண்டையே வந்ததில்லை. முதல் மரியாதை வர்ஷினிக்குத்தான். வேனில் முன் சீட் அவளுக்கு, தண்ணீர் பாட்டில் முதலில் அவள் கைக்கு. எதிரணியில் எவள் பெரிய ஆட்டக்காரியோ, அவளைப் பிடிக்கும் வேலையும் வர்ஷினிக்கே. ஆள் பிடிப்பது என்றால், எதிரணியில் ஒருத்தியை ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு, பந்து போட விடாமல் தடுப்பது. யாரை யார் பிடிப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். அதைப் போய் மாலை மரியாதை மாதிரி வயசு பார்த்துக் கொடுத்த அணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வர்ஷினிக்கு முப்பத்து நாலு வயது. விளையாட்டுக்காகத்தான் மில்லில் வேலை கொடுத்தார்கள். டைம் ஆபீசில் உட்கார்ந்து ஷிப்டுக்கு வருகிறவர்களைப் பதிவு செய்கிறாள். காலையில் இட்லி ஊற்றி, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, பகலெல்லாம் நாற்காலியில் இருந்து, சாயங்காலம் கோர்ட்டுக்கு வருவாள். இடது முட்டியில் பட்டை போடாமல் ஓட முடியாது. பட்டை போட்டாலும் பழைய ஓட்டம் இல்லை. அது அவளுக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். ஆனால் அக்காவிடம் போய் யார் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதைதான். கோச் அப்துல் கையூம் அவளைவிட மூத்தவர், அவருக்கும் வாய் வராது. "வர்ஷினிம்மா பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு விசிலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வருஷமும் இறுதிப் போட்டியில் எதிரே நின்றது கோயமுத்தூர் பம்ப் கம்பெனி அணி. வருஷா வருஷம் அவர்கள்தான் எதிரே, வருஷா வருஷம் கோப்பையும் அவர்களுக்கே. காரணம், காங்கேயத்திலிருந்து வந்த அக்ஷிதா. ஆறடி உயரம், உயரத்துக்கு மீறின வேகம். அவளை அடக்கிவிட்டால் மற்றவர்களைச் சமாளித்துவிடலாம். விளையாட்டை நிறுத்துவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த அணியை ஜெயித்துவிட வேண்டும் என்பது வர்ஷினியின் ஆசை. மற்ற ஆசைகளெல்லாம் எப்போதோ அலுத்துப் போயிருந்தன.

மூன்று ஆட்டம், இரண்டை ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டம் ஆர்.எஸ்.புரத்தில். அக்ஷிதா வலப்பக்கம் போகிறவள் போலத் தோளைக் காட்டிவிட்டு இடப்பக்கம் போனாள். வர்ஷினி தோளை நம்பினாள். திரும்புவதற்குள் பந்து வளையத்தில் விழுந்துவிட்டது. ஆட்டம் முழுக்க இதேதான் நடந்தது. மானம் போகிற மாதிரி தோற்றார்கள்.

"நீங்க நல்லாத்தான் பிடிச்சீங்கக்கா," என்றாள் ஹுமேரா. அணியிலேயே வேகமான கால் அவளுக்குத்தான். "பந்துதான் அவளுக்கே விழுந்துட்டு இருந்துச்சு."

"ஆமாமா, எல்லாம் பந்து மேலதான் தப்பு," என்றாள் வர்ஷினி. சிரிப்பதா வேண்டாமா என்று ஹுமேராவுக்குத் தெரியவில்லை.

குழாயில் முகம் கழுவும்போது அக்ஷிதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, முட்டி ரொம்ப வலிக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு."

"கடைசி குவார்ட்டர்ல நீங்க காலே ஊன முடியாம நின்னீங்க. அதான் நான் மெதுவாவே போனனுங்க. கீழ விழுந்துபோட்டீங்கன்னா பாவமில்லீங்களா."

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை கொடுத்திருக்கலாம். மனசாரச் சொன்னவளை என்ன செய்வது? வேன் பெருந்துறை வந்து சேரும் வரை வர்ஷினி அதையே அசைபோட்டாள். மெதுவாகப் போயே அத்தனை புள்ளியா? தன் அணி கொடுத்த மரியாதை போதாதென்று எதிரணியும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அசதியாக இருந்தது.

மறுநாள் பயிற்சியில் கோச்சிடம் போனாள். "சார், அக்ஷிதாவ ஹுமேரா பிடிக்கட்டுங்க. ஹுமேரா பிடிக்கிற பொண்ண நான்..."

"சரிம்மா, அப்படியே செஞ்சுபோடலாம்." அவளை முடிக்கவே விடவில்லை கையூம். "நீங்க அந்த நாலாம் நம்பரைப் பிடிங்க. அந்தப் பொண்ணு பந்தே போடாது. உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்கும்."

மனுஷன் எல்லாவற்றையும் முன்னமே யோசித்து வைத்திருக்கிறார். ஹுமேரா, "நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்கக்கா" என்று வாயால் மறுத்தாள், முகம் மறுக்கவில்லை. இரண்டு பேர் மேலும் வர்ஷினிக்குக் கோபம் கோபமாக வந்தது. யாராவது ஒருத்தர் முன்னமே சொல்லித் தொலைத்திருக்கலாமே. சொல்லியிருந்தால் அவர்கள்மேல் பாய்ந்து பிடுங்கியிருப்பாள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது ஆட்டம் தலைகீழாக மாறியது. ஹுமேரா அட்டையாக ஒட்டிக்கொண்டாள். அக்ஷிதா தோளைக் காட்டினால் அவள் தோளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தாள். இடுப்பு பொய் சொல்லாது. வர்ஷினி நாலாம் நம்பரோடு மூலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலைக்குப் பந்து வரவேயில்லை. பந்தியில் உட்கார வைத்துப் பரிமாற மறந்துபோன மாதிரி இருந்தது. மில் அணி ஜெயித்தது, எல்லோரும் ஹுமேராவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வர்ஷினியும் ஒரு கை கொடுத்தாள். சந்தோஷம் நிஜம்தான், பொறாமையும் நிஜம்தான்.

மூன்றாவது ஆட்டம் இழுபறி. முடிகிற சமயத்தில் அக்ஷிதாவைத் தடுக்கப் போய் ஹுமேரா அவள் கையைத் தட்டிவிட்டாள். அது ஹுமேராவுக்கு ஐந்தாவது ஃபவுல், ஐந்து தப்பு ஆனால் வெளியே போக வேண்டும். அதற்காக, யாரும் தடுக்காமல் எறியக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களை அக்ஷிதா போட்ட பிறகும் மில் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அடுத்து மில் அணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே ஓடியது. இனி ஒரே ஒரு பந்துக்குத்தான் நேரம், அது பம்ப் கம்பெனியின் பந்து. கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார்.

"வர்ஷினிம்மா..." என்று இழுத்தார். இந்தத் தடவை அதில் மரியாதை ஏதும் இல்லை. அக்ஷிதாவைப் பிடிக்க வேறு ஆள் இல்லை.

"நான் பிடிக்கறனுங்க," என்றாள் வர்ஷினி.

பந்து உள்ளே வருவதற்காகக் காத்து நின்றபோது அக்ஷிதா குனிந்து முட்டிப் பட்டையைப் பார்த்தாள். "பாத்துங்கக்கா, கால் பத்திரமுங்க."

வர்ஷினிக்குச் சுரீரென்று ஏறியது. "இத பாரு கண்ணு, எனக்காக மெதுவாப் போனீன்னா இனி உங்கூடப் பேசவே மாட்டேன். ஆடறத ஒழுங்கா ஆடு."

அக்ஷிதா பட்டையிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். "சரிங்கக்கா."

பந்து வந்தது. அக்ஷிதா தோளைக் காட்டினாள். வர்ஷினி தோளை நம்பவில்லை, இடுப்பைப் பார்த்தாள். இடப்பக்கம் சரியாகப் போய் வழியை மறித்து நின்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் நின்றாள். அக்ஷிதா மெதுவாகப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்து எகிறினாள். வர்ஷினியும் முட்டியை மறந்து எகிறினாள். பந்து அவள் விரல் நுனிக்கு மேலே போய் வளையத்தில் விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

கோப்பையை அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். வர்ஷினி பெஞ்சில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்தாள். முட்டி வீங்கியிருந்தது. ஹுமேரா அழுதுகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது வர்ஷினிக்கும் தோன்றாமல் இல்லை.

"கடைசியில அவகிட்ட என்னமோ சொன்னீங்களே, என்னங்கக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள் ஹுமேரா.

"ஒழுங்கா ஆடுன்னு சொன்னேன்," என்றாள் வர்ஷினி. "ஆடிப்போட்டா."