பெரிய வெள்ளியில் அடித்த மணி

பயப்படுவதில் நான் கெட்டிக்காரி. ஊரில் யாருக்காவது பயம் போதவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு படி அளந்து வாங்கிப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

கண்டியிலிருந்து பன்வில பக்கம் ஏறும் ரோட்டில் ஒரு வளைவுக்குக் கீழே எங்கள் வீடு. முன்பக்கம் ரோட்டு மட்டத்தில் இருக்கும், பின்பக்கம் தூண்களில் நிற்கும். தூண்களுக்கு நடுவே விறகும் பழைய தகரங்களும் போட்டு வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு சரிவு, சரிவின் அடியில் ஓடை. மழை பெய்தால் சரிவை நினைத்துப் பயப்படுவேன், மழை விட்டால் ஓடையை நினைத்துப் பயப்படுவேன். வெயில் காலத்தில் ரோட்டில் பஸ்காரர்கள் வளைவை வெட்டி ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துப் பயப்படுவேன். ஆக, வருஷம் முழுக்க எனக்கு வேலை உண்டு.

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். கைக்குழந்தையைத் தவிர மற்ற நால்வரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. மூத்தவன் இரண்டாம் வகுப்பில் ஒவ்வொரு காலையும் சப்பாத்து மாட்டியவுடன் வாந்தி எடுப்பான். கல்யாணத்துக்கு முன் நான் டீச்சராக இருந்தவள். சரி, கொஞ்ச நாள் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்போம் என்று தொடங்கினோம், அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவனைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்தவன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்தால் யாராவது கேட்பார்கள், "இன்னுமா புள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பல?" அதைக் கேட்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒன்று ஆனால் ஊர் முதலில் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அம்மா வீட்டில் பூட்டி வைத்தாள், அதனால்தான் ஆனது என்று சொல்லும்.

குசினிதான் வகுப்பறை. பருப்பு கொதிக்கும்போது வாய்ப்பாடு, மா பிசையும்போது சிங்கள எழுத்து. கைக்குழந்தை அழிறப்பரைத் தின்னப் பார்க்கும். நடுவன் கணக்குக் கொப்பியில் லொறி கீறிக்கொண்டிருப்பான். இத்தனைக்கும் நடுவில் வீடு ஒரு ஒழுங்கில் ஓடியதென்றால் அதற்குக் காரணம் நான் இல்லை, மணி. பழைய சாமான் கடையில் என் வீட்டுக்காரர் கண்டெடுத்த பித்தளைக் கைமணி. செபத்துக்கு ஒரு மணி, பாடத்துக்கு ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாத பிள்ளைகள், அது ஒரு தடவை கிணுகிணுத்தால் எழுந்து வருவார்கள். என் குரலுக்கு இல்லாத மரியாதை அந்த மணிக்கு இருந்தது. நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தவக்காலத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு ஒறுத்தல் எடுத்தார்கள். மூத்தவன் சீனி போடாத தேத்தண்ணி. பெரியவள் வெறுந்தரையில் படுக்கை. இவை போக, எல்லோருக்கும் பொதுவாக நான் ஒன்று வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மௌனம். ஆளாளுக்கு விருப்பமான ஒரு மூலையில் போய் உட்கார வேண்டும், இயேசு பிடிபடுமுன் தோட்டத்தில் தனியாக இருந்ததை நினைக்க வேண்டும், மணி அடிக்கும் வரைக்கும் வாய் திறக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால் பக்தி பாதி, எனக்குக் கொஞ்சம் காது ஓய்வு பாதி.

சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. எதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் விடமாட்டாள்.

"யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாதா?"

"யாரு கூப்பிட்டாலும்."

"நீங்க கூப்பிட்டாலுமா?"

நான் அடுப்பில் தேங்காய்ப்பால் திரையாமல் இருக்கக் கிண்டிக்கொண்டிருந்தேன். "மணி அடிக்கிற வரைக்கும் நானே பேச மாட்டேனே குட்டி. நா எதுக்குக் கூப்பிடப் போறேன்?" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அதை நான் நினைக்கவே இல்லை.

பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது கோயில் மணிகளையெல்லாம் அடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். பிறகு ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரைக்கும் மணி கிடையாது. மணிக்குப் பதிலாகப் பலகையில் கட்டையால் தட்டுவார்கள். எங்கள் பெரியவளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் என்றால் உயிர், ஃபாதர் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். அன்று பூசையிலிருந்து வந்தவுடன் வீட்டு மணியை எடுத்து, நாக்கு அசையாமல் உள்ளே துணியடைத்து, ஊதாக் கைலேஞ்சியில் சுற்றி முடிச்சுப் போட்டு, சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தாள். தவக்காலத்தில் கோயிலில் ஊதாத் துணியால் மூடிய சுரூபம் போல அது உட்கார்ந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணி வழிபாட்டுக்குப் பந்தல் கட்ட என் வீட்டுக்காரர் மூத்தவனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார். நானும் மற்ற நால்வரும் கஞ்சி குடித்தோம். பிறகு பிள்ளைகள் தங்கள் மூலைகளுக்குப் போனார்கள். குழந்தை தூங்கியது. நான் கதிரையில் சாய்ந்து செபமாலையைக் கையில் எடுத்தேன், கண் செருகிவிட்டது.

விழித்தபோது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சித்திரைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பிற்பகல் இப்படித்தான், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இடி உருளும். நேரமாகிவிட்டது, கோயிலுக்கு வெளிக்கிட வேண்டும். பெரியவளுக்குச் சைகை காட்டினேன். அவள் அப்பளக்கட்டையால் பலகையில் டக் டக்கென்று தட்டினாள். நடுவன் மேசைக்கு அடியிலிருந்து வந்தான். சின்னவள் வரவில்லை.

"குட்டி, வா, சட்டை மாத்தணும்."

பதில் இல்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் பார்த்தேன். குளியலறையில் வாளி கவிழ்த்தபடி இருந்தது. அந்த வாளியைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளை வாளிக்குள் இருக்க மாட்டாள் என்று தெரியும், ஆனாலும் தூக்கிப் பார்த்தேன்.

பின்கதவு திறந்து கிடந்தது.

பெரியவளிடம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். விறகு, தகரம், இருட்டு. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சரிவில் இறங்கினேன். மூன்று நாட்களாகப் பெய்த மழையில் ஓடை கலங்கலாக, தேயிலைச் சாயத்தில் பால் ஊற்றிய நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கல்லில் ஏதோ சிவப்பாகச் சிக்கியிருந்தது. கிட்டப் போகும் வரைக்கும் நான் மூச்சே விடவில்லை. அது யாரோ வீசிய பிஸ்கட் பைக்கற்.

அப்போதுதான் நான் கத்தத் தொடங்கினேன். அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மேலே ஏறினேன், வழுக்கினேன், கையால் புல்லைப் பிடித்து ஏறினேன். மறுபடியும் வீட்டைச் சுற்றினேன், அடியில் குனிந்து பார்த்தேன், ரோட்டுக்கு ஓடினேன். வளைவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, ஜும்மா தொழுகை முடிந்து வந்து கடைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பலகையை அப்படியே கீழே வைத்தார்.

"நானா, எங்க சின்னவள கண்டீங்களா?"

"இல்லியே தங்கச்சி. இந்தப் பக்கம் வரல்ல. என்ன நடந்திச்சி?"

சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வேன் ஏதாவது நின்றதா என்று கேட்டேன். அவர் இல்லை என்றார். இல்லை என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவரே இப்போதுதானே வந்திருக்கிறார்.

"நான் ஓடையோட கீழ போய்ப் பாக்கிறன். நீங்க ஊட்டுக்குப் போங்க, புள்ள வந்தா ஆள் இருக்கணும். காணாட்டி பொலிசுக்குச் சொல்லுவம்."

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். கோயிலுக்குள் கால் வைத்தால் போனை அணைத்துவிடுகிற மனுஷன் அவர். பொலிஸுக்கு எடுக்க விரலை வைத்தேன். எந்த ஸ்கூல் என்று கேட்பார்கள். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போனது. ஸ்கூலுக்குப் போகாத பிள்ளை, வீட்டிலிருந்து காணாமல் போன பிள்ளை. தூங்கிப்போன அம்மா. என்னை எது வேண்டுமானாலும் சொல்லட்டும், பிள்ளை கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே, பொலிஸுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை மாதாவிடம் கேட்டுவிடலாம் என்று சாமிப்படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தேன்.

என் மூக்குக்கு நேரே ஊதாக் கைலேஞ்சி இருந்தது.

நான் செபிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரு கூப்பிட்டாலுமா? யாரு கூப்பிட்டாலும். நீங்க கூப்பிட்டாலுமா? மணி அடிக்கிற வரைக்கும். மணி இன்றைக்கு அடிக்கவில்லை. பெரியவள் கட்டையைத்தான் தட்டினாள். அது சின்னவளுக்கு மணி ஆகாது.

முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலுக்கு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். பெரியவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓடி வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, இன்னைக்கு மணி அடிக்கக் கூடாது."

"தெரியும்மா."

துணியைப் பிய்த்து எறிந்தேன். பின்வாசலில் நின்று அடித்தேன். இடி ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். கை வலிக்க அடித்தேன். பெரிய வெள்ளி மூன்று மணிக்குச் சற்று முன்னால், கத்தோலிக்க வீடு ஒன்றில் பைத்தியக்காரி மாதிரி மணி அடித்துக்கொண்டு நின்றது நானாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு அடியில் தகரம் சரியும் சத்தம் கேட்டது.

தலையெல்லாம் நூலாம்படை, முழங்காலில் மண். விறகுக்குப் பின்னால், சாய்த்து வைத்த தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்து அவள் நகர்ந்து வெளியே வந்தாள். நான் குனிந்து பார்த்த அதே இடம்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

நான் அவளை அடித்தேனா, கட்டிக்கொண்டேனா என்று பெரியவளிடம் கேட்டால் இரண்டும் என்பாள். படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் மடியில் இருந்து என் காலைத் தொட்டாள்.

"உங்க ஒரு செருப்பு எங்கம்மா? நீங்க குனிஞ்சு பாத்தப்பவே ஒரு கால்லதான் இருந்திச்சு."

"நா கூப்பிட்டது கேக்கலியா குட்டி?"

"கேட்டிச்சு."

"அழுதது?"

"அதுவும் கேட்டிச்சு. நானும் அழுதேன். சத்தம் போடாம அழுதேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "சத்தம் போடாம அழுதா பரவாயில்லதானே?"

அதுவரை நான் பயந்ததெல்லாம் வெளியே இருந்தது. சரிவு, ஓடை, பஸ், ஊர் வாய். ஒரு கையெட்டும் தூரத்தில் என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. கஞ்சிக்கோ குழம்புக்கோ தேங்காய்ப்பால் கிண்டிக்கொண்டு வாய்க்கு வந்தபடி சொன்ன வார்த்தை. ஓடைக்கரையில் பயந்ததைவிட இதற்கு அதிகமாகப் பயந்தேன்.

அவள் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன், "இங்க பாரு. இனிமே நா கூப்பிட்டா பதில் சொல்லணும். மணி அடிச்சாலும் அடிக்காட்டியும்."

"செபம் சொல்றப்பவுமா?"

"செபம் சொல்றப்பவும்."

"கோயில்லயுமா?"

"எங்கயும். சாமி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

நானா ஓடையிலிருந்து சாரம் முழங்கால் வரை நனைந்து ஏறி வந்தார். சின்னவளைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "தங்கச்சி, நீங்க கோயிலுக்குப் போகல்லியா? நேரமாகிது" என்றார். அவரே ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவை மறித்துத் தந்தார்.

நாங்கள் போனபோது கோயில் நிரம்பியிருந்தது. கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டருக்குப் பிறகு வழக்கமாகிவிட்டபடி வாசலில் பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. வழிபாடு தொடங்கியது. பாட்டு இல்லை, மணி இல்லை. ஃபாதர் பீடத்துக்கு முன்னால் முகங்குப்புற விழுந்து கிடந்தார். சனம் முழுக்க முழங்காலில். வருஷத்தில் அந்த ஒரு நேரம்தான் எங்கள் கோயிலில் குழந்தைகள்கூடச் சத்தம் போடாது.

நானும் தலை குனிந்து கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் என் பக்கத்தில் சின்னவள் இல்லை. பெரியவளுக்கு அப்பால் நகர்ந்துபோயிருப்பாள், எனக்கு அது தெரியும். தெரிந்தும் பயந்தேன். என்னையறியாமல், உதட்டுக்குள்ளேதான், "குட்டி" என்றேன்.

"என்னம்மா?"

கோயில் முழுக்கக் கேட்டது. முன்வரிசை வரைக்கும் தலைகள் திரும்பின. பிள்ளைகளை எப்போது ஸ்கூலுக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்கிற தலைகளும் அதில் இருந்தன. ஒரு வரிசை முன்னால் என் வீட்டுக்காரர் திரும்பி, ஒன்றும் தெரியாதவராக, விரலை வாயில் வைத்து அவளை அதட்டினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாகச் செய்தேனா என்று. நான் தலையாட்டினேன்.