ஔந்த் மைதானத்தில் மாமா கேட்ட கேள்வி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் எதிரில் பேசவே நாக்கு எழாது. எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல முடியும். சிஞ்ச்வட்டில் எங்கள் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு தாய் கேட்டிருந்தார்: பிள்ளையை ஹாக்கியில் சேர்க்க வேண்டும், எந்தக் கோச்சிங் நல்லது? செயற்கைப் புல் இருக்கிறதா பாருங்கள், வண்டி அனுப்புவார்களா கேளுங்கள் என்று ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். நானும் இந்தியில் ஒன்று தொடங்கி அழித்தேன். மராத்தியில் தொடங்கி அதையும் அழித்தேன். அங்கே போட முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கட்கியில் இருந்தோம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. மாமா அம்மாவின் அண்ணன். இருவரும் இளவயதில் ஒரே அணியில் ஹாக்கி ஆடியவர்கள். எங்கள் குவார்ட்டர்ஸில் ஹாக்கி ஸ்டிக் இல்லாத வீடு கிடையாது. துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருப்பதுகூட உடைந்த ஸ்டிக்காகத்தான் இருக்கும்.

ஒன்பது வயதில் எனக்கும் அந்த ஆசை வந்தது. மைதானத்தில் ஓடினால் போதும், யாரோடும் பேச வேண்டாம் என்று நினைத்தேன். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்.

"உங்கப்பாவும் மாமாவும் ஒரே இடத்தச் சொல்லணும். ஆளுக்கொண்ணு சொன்னா ஹாக்கியும் வேணாம் ஒண்ணும் வேணாம், தையல் கிளாஸுக்குப் போ."

இடங்கள் இரண்டு. ஒன்று தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த செம்மண் மைதானம். அங்கே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், புதிய பிள்ளைகளைக் குனிந்து பந்தைத் தரையோடு தள்ள மட்டுமே விடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வாசல் பெருக்குவது போல இருக்கும். இன்னொன்று ஔந்தில் புதிதாகத் தொடங்கியது. பச்சைப் புல், வான நீலச் சட்டை, வெள்ளை ஷூ, முதல் நாளிலிருந்தே ஓங்கி அடிக்கலாம். நான் அந்தச் சட்டையைக் கனவில்கூடப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"காலம் மாறிடுச்சு மச்சான். ஔந்துக்கே அனுப்பலாம்" என்றார் அப்பா.

"பாத்துட்டுச் சொல்றேன் மாப்ளே" என்றார் மாமா.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிஸ்கட்டை டீயில் நனைக்காமல் தின்னமாட்டார். சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். லோணாவளாவிலிருந்து யாராவது சிக்கி என்னும் கடலை மிட்டாய் வாங்கிவந்தால், அப்பா முதலில் மாமாவின் பங்கை எடுத்து, இஞ்சி இடிக்கும் கல்லில் தன் கையாலேயே பொடித்துக் கொடுப்பார். எங்களுக்கு அப்படி யாரும் பொடித்துத் தந்ததில்லை. மச்சானுக்குச் செய்யும் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் மாமாவும் நானும் ஸ்கூட்டரில் ஔந்த் போனோம். கோச் இளைஞர். குடைக்கடியில் மேசை போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பேட்டா, பேர் என்ன?" என்று இந்தியில் கேட்டார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்து, நீலச் சட்டை ஒன்றை எடுத்து என் தோளில் வைத்து அளவு பார்த்தார். அந்தத் துணியின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது.

மாமா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பையன்கள் தலைக்கு மேல் ஸ்டிக்கைச் சுழற்றிச் சுழற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டிக்கு தோளுக்கு மேல போனா என்ன செய்வீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"இந்த வயசுல கட்டிப்போடக் கூடாது பாய்சாப். வேகம் வரட்டும், மத்ததெல்லாம் அப்புறம் சொல்லிக்குடுக்கலாம். ஒண்ணு ரெண்டு பல்லு போறதும் ஹாக்கிதானே."

மாமா கையை வாய்க்குள் விட்டார். ஏதோ சிக்கியிருக்கிறது, எடுக்கிறார் என்று நினைத்தேன். மேல்வரிசைப் பற்கள் முழுவதையும், இளஞ்சிவப்பு ஈறோடு, எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாமாவின் முகம் உள்ளே இறங்கி, அவர் சட்டைக்குள் வேறு யாரோ ஒரு கிழவர் நின்றார். கோச் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். என் தோளிலிருந்த நீலச் சட்டை கீழே விழுந்தது; யாரும் எடுக்கவில்லை.

"அந்த வேகம் முதல்ல என் வாய்க்குத்தான் வந்துச்சு" என்றார் மாமா. காற்றாகத்தான் வந்தது குரல். கைக்குட்டையால் பற்களைத் துடைத்துப் பழையபடி மாட்டிக்கொண்டு, கோச்சுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னார்.

அப்பாவை அங்கே காணவில்லை. தூரத்தில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். எத்தனை உதைத்தும் அது கிளம்பவில்லை. மாமா போய்க் குனிந்து, மூடியிருந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டார்.

"போலாம் மாப்ளே. இப்ப யாரு என்ன சொன்னா?"

அப்பா மறுபடி உதைத்ததும் வண்டி கிளம்பியது. வழியெல்லாம் நான் பின்னால் உட்கார்ந்திருந்த மாமா பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் பல்லே கழலும் என்றால், அப்பாவின் கையும் அம்மாவின் தலைமுடியும்கூடக் கழலுமோ என்று பயந்தேன். என் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் மாமாவும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்: "என்ன, முடிவாச்சா?"

"மச்சான் சொல்ற இடந்தான்" என்றார் அப்பா.

"மாமாவுக்கு எப்பிடிம்மா பல்லு போச்சு?" என்றேன் நான்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். "விளையாட்டுல போச்சு. நீ சாப்பிடு."

அப்பா பாதிச் சப்பாத்தியில் எழுந்து கையைக் கழுவி, யாரும் கேட்காமலேயே சிக்கியை எடுத்து இடிக்கத் தொடங்கினார். நெடுநேரம் இடித்தார்.

"போதும் மாப்ளே, மாவாயிடப் போவுது" என்றார் மாமா. அம்மா சிரித்தார். மாமா சிரித்தார். அந்தப் பற்கள் மாமாவின் வாயில்தான் இருந்தன; எனக்கு மட்டும் அவை டீ கிளாஸுக்குப் பக்கத்திலேயே தெரிந்தன.

அப்பா இறந்த பிறகுதான், கீரை ஆய்ந்துகொண்டே அம்மா அதைச் சொன்னார். மாமாவின் வாயில் பட்டது அப்பாவின் ஸ்டிக். அப்போது இருவரும் சொந்தக்காரர்கள் அல்லர். மாமா படுத்திருந்த நாள்களில் அப்பா தினமும் அவர் வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றுவிட்டுப் போவாராம். ஒருநாள் மாமா தன் தங்கையிடம், "அந்தாளுக்கு ஒரு டீ குடு, நிக்கிறதப் பாக்க முடியல" என்றாராம். அந்தத் தங்கைதான் என் அம்மா.

ஔந்த் போய்வந்த மறுநாளே மாமா என்னைச் செம்மண் மைதானத்தில் சேர்த்துவிட்டார். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், வேலைக்குப் போய்விட்டார்.