நான் போட்ட வெள்ளைக் கோடு

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுப் போனவன் நான். ஒருமுறை வடக்கே ஒரு பெரிய நகரத்தில், ஆண்களும் பெண்களும் ஆடும் சர்வதேச டென்னிஸ் போட்டிக்காக, கூரை போட்ட அரங்கில் பெயின்ட் அடிக்கும் வேலை கிடைத்தது. இருபுறமும் டேப் ஒட்டி, மண்டியிட்டு, தரையில் வெள்ளைக் கோடுகள் போட்டேன். ஆட்டம் தொடங்கும் முன்பே எங்களை அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பித் தேனியில் வந்து இறங்கிய அன்று, பஸ் ஸ்டாண்டு டீக்கடை டிவியில் அதே போட்டி ஓடியது. ஒரு பெண் அடித்த பந்து ஓரக்கோட்டில் விழுந்தது.

"அந்தக் கோடு நான் போட்டது!" என்று கத்திவிட்டேன்.

கடையே சிரித்தது. "ஏலே, அப்ப பந்து உள்ளயா வெளியயான்னு உன்னயத்தான் கேப்பாகளோ?" என்றார் டீ மாஸ்டர்.

"நெசமாத்தாண்ணே." யாரும் நம்பவில்லை. சேனலை மாற்றிவிட்டார்கள்.

திராட்சைக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா கேட்டார்: "அங்கன ஒங்கூட யாருய்யா இருந்தாக?"

"நம்ம பேச்சுப் பேசுற ஆளு யாருமில்லத்தா."

"சொல்ல ஆளில்லாமத்தான் இம்புட்டுச் சத்தமாச் சொல்லுற. மெதுவாச் சொல்லு, கேக்குறேன்."

சொன்னேன். அவர் போக வேண்டிய சின்னமனூர் பஸ் வந்தது, அவர் ஏறவில்லை.

நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியாது. அதன்பின் எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன். என் பேச்சைக் கேட்க இன்னொருவர் பஸ்ஸை விட்டதில்லை.