வெறும் தொட்டிக்குக் காவல்

மேலூர்ப் பக்கம் கல்குவாரிகளை மூடிய வருஷம், எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு இரண்டாகி, பிறகு அதுவும் நிச்சயமில்லாமல் போனது. மதுரையில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்தும் ஆண்கள் பள்ளியில் விடுதியும் உண்டு, சோறும் உண்டு என்று யாரோ சொல்ல, மாமா என்னைக் கூட்டிப்போய் ஆறாம் வகுப்பில் சேர்த்தார். மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னார்.

"அங்கிட்டு எதையும் தொடாத. ஒன்னு காணாமப் போச்சுன்னா புதுசா வந்தவனத்தான் மொதல்ல பாப்பாய்ங்க."

மாமா சொல்லாவிட்டாலும் எனக்கு அது தெரியும். எங்கள் ஊர்க் கோயிலில் சிலை காணாமல் போனபோது, காவலுக்குப் படுத்திருந்த சித்தப்பாவைத்தான் போலீஸ் ஜீப்பில் ஏற்றியது. சிலை பிறகு எங்கோ கிடைத்துவிட்டது. சித்தப்பாவின் வலது கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

அந்தப் பள்ளியில் எல்லாரும் எதிலாவது சேர்ந்தே ஆக வேண்டும். பாட்டு, பேண்டு, கால்பந்து, தோட்டம், கோயிலில் பூசைக்கு உதவி என்று ஆளுக்கொன்று. விடுதியைப் பார்த்துக்கொண்ட இளந்துறவியைப் பிரதர் என்று கூப்பிடுவோம். சும்மா இருக்கும் பையனைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மற்றபடி நல்ல மனுஷன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது: அடுத்தவன் பெட்டியைத் திறந்தவன் அன்றைக்கே ஊருக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதைச் சொல்வார்.

டிசம்பர் வந்ததும் கிறிஸ்துமஸ் விழாவுக்காக அணிக்கு ஒரு குடில் கட்டும் போட்டி வைத்தார்கள். எங்கள் நீல அணிக்குத் தலைவர் ஒன்பதாம் வகுப்பு அண்ணன் ஒருவர். விடுதியில் என் பக்கத்துப் படுக்கை. பூசையில் மணி அடிப்பவர். பூட்டு இல்லாத அவருடைய தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"டேய் குவாரி, ஒனக்குப் பாடத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"படம் வரைவியா?"

"இல்லண்ணே."

"கல்லு தூக்குவேல்ல? அப்ப மலை ஒன் பொறுப்பு."

கல்லடுக்கி, சாக்கைச் சேற்றில் நனைத்துப் போர்த்தி மலை செய்தேன். அது நன்றாகவே வந்தது. அதனால் இடைவேளையில் குடிலுக்குக் காவலும் எனக்கே வந்தது. மஞ்சள் அணிப் பையன்கள் வைக்கோலைத் திருடிக்கொண்டு போவார்களாம்.

காவல் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை.

சிலைகளைக் குழாயடியில் கழுவியபோது நானும் இருந்தேன். மாதா, சூசையப்பர், ராஜாக்கள், மாடுகள், ஆடுகள், பிறகு உள்ளங்கை அளவில் ஒரு குழந்தை. அதன் கையில் ஒரு விரல் உடைந்திருந்தது. மற்றவர்கள் சிலைகளைக் குடிலில் வைத்து முடித்த மறுநாள் காவலுக்கு உட்கார்ந்து பார்க்கிறேன், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் வைக்கோல் போட்ட மாட்டுத்தொட்டி வெறுமையாக இருந்தது. குழந்தையைக் காணவில்லை.

சாக்கைத் தூக்கி, கல்லிடுக்கெல்லாம் தேடினேன். ஆனால் வேறு ஒருவரும் தேடியதாகத் தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வெறும் தொட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முதலில், இவர்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். பிறகுதான், கவனித்துவிட்டே கவனிக்காத மாதிரி போகிறார்கள் என்று பட்டது. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிறார்கள். வைக்கோலை உப்பலாக இழுத்துவிட்டு, உள்ளே ஏதோ இருப்பதுபோல் செய்து வைத்தேன்.

அதற்குப் பின் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காரணமே இல்லாமல் முறுக்குக் கொடுத்தான். வாங்கித் தின்றுவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"தொட்டி சும்மா கெடக்கே, பாத்தியா?"

"கெடக்கட்டும். இன்னும் நாள் இருக்குல்ல" என்று சிரித்தான்.

நான் மாட்டுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் சோப்பு எடுக்கப் பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு நடுவில் வெள்ளைக் கைக்குட்டைச் சுருள் ஒன்று. அதிலிருந்து விரல் உடைந்த அந்தச் சின்னக் கை எட்டிப்பார்த்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று மூடினார்.

"யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சொன்னால் அண்ணனிடம் அடி. சொல்லாவிட்டால் சித்தப்பா கதை. யோசித்து யோசித்து, திருடுபோன பொருளைப் போன இடத்திலேயே வைத்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் குளிக்கப் போயிருந்த நேரம், கயிற்றை அவிழ்த்துக் குழந்தையை எடுத்துக்கொண்டு குடிலுக்கு ஓடினேன். தொட்டியில் வைத்துத் திரும்பினால் பிரதர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் காலை ஜெபத்துக்கு வரிசையில் வரும் பையன்கள்.

"என்ன செய்ற?"

"பிரதர், இது திருடுபோயிருச்சு. நான் எடுக்கல. அந்த அண்ணன் பெட்டியில இருந்துச்சு. அதான் எடுத்தாந்து வச்சிட்டேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு.

"மாப்ள, நம்ம குடில்ல அவசரப்பட்டுப் பொறந்துட்டாருடா" என்றான் ஒருவன்.

விழா நாள் வரைக்கும் தொட்டி காலியாகத்தான் இருக்குமாம். அன்றைக்குத்தான் அணித் தலைவர் பாலனை, அதாவது அந்தக் குழந்தை இயேசுவை, பாட்டோடு ஊர்வலமாகத் தூக்கிவந்து கிடத்துவாராம். அதுவரை அவரே பத்திரமாக ஒளித்து வைத்திருப்பாராம். சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரதரும் சிரித்தார். பாதியில் நிறுத்தினார்.

"பெட்டிய நீ தொறந்தியா?"

வரிசையும் அடங்கிவிட்டது. எனக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. சமையல்கட்டிலிருந்து வந்த பொங்கல் வாசனைதான் மூக்கில் நின்றது. இன்றைக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு அனுப்புவார்களா, சாப்பிடாமல் அனுப்புவார்களா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஈரத் தலையோடு அண்ணன் முன்னால் வந்தார்.

"நான்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன் பிரதர். வெரல் ஒடைஞ்சிருக்குல்ல, ஒட்டலாம்னு. இந்தக் கிறுக்கன் இங்க கொண்டாந்து வச்சிட்டான்."

பிரதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு பொருளப் பொறுப்பா வச்சுக்கத் தெரியல. விழா அன்னிக்குப் பாலன வேற யாராச்சும் தூக்கட்டும்."

"சரிங்க பிரதர்."

விழாவுக்கு அண்ணனின் அம்மா வந்திருந்தார். பாலனைத் தூக்கி வந்தவன் வேறொருவன். ஊர்வலம் கடைசி வரை போய் முடிந்த பிறகும் அந்த அம்மா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பாட்டுக்காரர்களோடு பின்வரிசையில் நின்று, சத்தமாகத்தான் பாடினார்.

என்னைக் காப்பாற்றியதற்கு அண்ணன் விலை கேட்டு வருவார் என்று காத்திருந்தேன். துணி துவைக்கச் சொல்வார், என் பங்கு முட்டையைக் கேட்பார், எதையாவது கேட்பார். கேட்காததால் நானே பின்னால் போனேன்.

"ஏன்டா பின்னாடியே வார?"

"ஒங்களுக்கு என்ன வேணும்ணே?"

"ஒனக்கு என்னடா வேணும்? அதச் சொல்லு."

தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் குழாயடிக்கு நடந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டபின் லாரிகளிலும் ஆரப்பாளையம் லாட்ஜுகளிலும் எத்தனையோ பேர் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். பக்கத்தில் படுத்தவனுக்குப் பயந்து இடம் மாறியது அந்த விடுதியில் மட்டும்தான். ஜெப நேரத்தில், அவருடைய சாமிக்கு முன்னால், கண்ணிமைக்காமல் அப்படி ஒரு பொய்யைச் சொல்கிறவர் வேறு என்னவெல்லாம் செய்வார் என்பதுதான் என் கவலை. காற்று வரவில்லை என்று பிரதரிடம் சொல்லி, அறையின் அந்தக் கோடிக்கு மாறிக்கொண்டேன். என் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்து கொடுத்ததே அந்த அண்ணன்தான்.

"இங்கிட்டு மூட்டப்பூச்சி அம்புட்டும் கெடக்கும். பாத்துப் படு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. எதையும் எடுக்காமல் போனதற்கு என்ன காரணம் இருக்கும் என்று, சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.