மெர்வினின் எட்டாவது ஸ்கேனர்

எங்கள் அல்வர்ஸ்டன் ஊரில் மெர்வின் பிரூவிட்டைப் போல அளந்து வாழ்ந்தவர் யாருமில்லை. நகராட்சியில் முப்பத்தெட்டு வருஷம் நில அளவையாளர். வேலி எல்லை ஒரு விரல்கடை பிசகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லாமல் போகவே, மனிதர் ஸ்கேனர்களை அளக்கத் தொடங்கினார். நான் பக்கத்து வீட்டுக்காரன், முன்னாள் தபால்காரன் வேறு. அவர் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போன பெட்டிகளுக்கெல்லாம் நானே சாட்சி.

அவரிடம் மூவாயிரத்து இருநூறு ஸ்லைடுகள் இருந்தன, புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கிற சின்னச் சின்ன ஃபிலிம் படங்கள். எழுபதுகளில் வரவேற்பறைச் சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, தெருவையே அழைத்துப் படம் காட்டுவார். அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதுமே நாங்கள் விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் இல்லாத மாதிரி உட்கார்ந்திருப்போம். ஆற்றுப் பாலத்தை மட்டும் பதினான்கு கோணத்தில் எடுத்து வைத்திருந்தார். 1991இல் புரொஜெக்டர் பல்பு வெடித்தது, மாற்றுப் பல்பு எங்கேயும் கிடைக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போனவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஐந்து வருஷத்துக்கு முன்பு அவர் மனைவி கிளெனிஸ்தான் அந்த ஸ்லைடுகளின் பேச்சை மறுபடி எடுத்தாள். அவளுடைய தம்பி நெவில் இருபத்தாறு வயதில், மரம் ஏற்றிய லாரி கவிழ்ந்து செத்துப்போனவன். கேமராவைக் கண்டால் ஓடுகிற பையன். வளர்ந்தபின் அவன் விழுந்த படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மெர்வினின் பெட்டிக்குள் இருந்தது.

"ஈஸ்டருக்குக் கடற்கரைல எடுத்தது மெர்வ். கொஞ்சம் தள்ளி இருப்பான். அதை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. மாட்டி வச்சுக்கறேன்."

"போட்டாப் போச்சு. ஆனா முதல்ல நல்ல ஸ்கேனரா பாக்கணும்" என்றார் மெர்வின். அந்த 'முதல்ல' ஐந்து வருஷம் நீண்டது.

தட்டையான கண்ணாடியில் படுக்க வைக்கிற ஸ்கேனர் வந்தது. ஃபிலிமுக்கென்றே செய்த சின்ன ஸ்கேனர் வந்தது. எல்லாவற்றையும் நாற்பத்தாறு கட்டம் போட்ட அட்டவணையில் ஏற்றினார். சோதனைக்கு எப்போதும் ஒரே ஸ்லைடுதான்: டர்னர்ஸ் பீச், 1972. மஞ்சள் கவுனில் கிளெனிஸ் நின்று சிரிக்கிறாள், பின்னால் கடல். அவள் தோளுக்கு மேலே, தண்ணீரில், கறுப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் மெர்வினின் உயிரை வாங்கியது.

"தூசி போகுதான்னு பாரு" என்று என்னையும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குள் இழுத்து உட்கார வைப்பார்.

"யோவ், இந்த ஸ்கேனரே நல்லாத்தானே இருக்கு. நெவில் படத்தைத் தேடிப் போட்டுக் குடுத்துத் தொலையேன் அவகிட்ட."

"கண்ணு தெரியலையா உனக்கு? புள்ளி அப்படியே நிக்குது. இதுவும் வேஸ்ட். பெட்டில போடு."

ஊதிப் பார்த்தார். தூரிகையால் தட்டினார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தும் பார்த்துவிட்டார். புள்ளி அசையவில்லை. ஏழு ஸ்கேனர்கள் அந்தப் புள்ளியிடம் தோற்று ஊர் திரும்பின. கிளெனிஸ் கேட்டால், "கடற்கரைப் படமே இருநூறு இருக்கு. எதுலயும் நெவில் இல்ல. தேடிக்கிட்டுதான் இருக்கேன், முடிஞ்சதும் காட்டுறேன்" என்பார். அரைகுறை வேலையை யாருக்கும் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அவள் தோட்டத்தில் நின்று என்னிடம், "அவன் முகமே மறந்துபோகுது எனக்கு" என்றாள். எனக்கு மெர்வின் மேல் வந்த கோபத்துக்கு, அந்த அட்டவணையைக் கிழித்திருப்பேன்.

எட்டாவது ஸ்கேனர் தூசியைத் தானே கண்டுபிடித்து அழிக்கும் ரகம். அது வந்த அன்று கொட்டகையிலிருந்து ஒரு கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தேன். திரையில் கடல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

கிளெனிஸின் பிறந்தநாளுக்கு அதையே பெரிதாக பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, கேக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நிமிரவே இல்லை.

"நெவ் எங்க?"

"இதுல எங்க நெவில்? இது நீ."

"இங்க மெர்வ். என் தோளுக்கு மேல. படகுல நின்னு கையாட்டிக்கிட்டு இருந்தானே."

மெர்வின் வாயைத் திறந்தார். "அது... தூசி" என்றார்.

அவள் கொட்டகைக்குப் போய் ஸ்லைடை எடுத்து வந்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ஒரு சின்னப் படகு, அதில் எழுந்து நிற்கிற ஒரு பையன், தூக்கிய கை.

"படகைக் கவுத்துடுவேன்னு அங்கேருந்து கத்தினான். அதுக்குத்தான் நான் சிரிச்சேன்" என்றாள் கிளெனிஸ். மெர்வின் பக்கம் திரும்பினாள். "உன்னைப் பாத்துன்னா நெனச்ச?"

ஐம்பது வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவள் கைபேசியை எடுத்து, ஸ்லைடை ஜன்னலோடு ஒட்டிப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டினாள். கோணலாக, அவள் கட்டைவிரலோடு சேர்ந்து விழுந்த அந்தப் படம்தான் இன்று அவர்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

மறுநாள் காலை மெர்வின் வேலியோரம் வந்து நின்றார்.

"அட்டைப்பெட்டி ஏதாவது இருக்கா? எட்டாவதைத் திருப்பி அனுப்பணும்."

"ஏன்யா, இதுதான் நல்லாத் துடைக்குதே?"

அவர் வேலிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "திருப்பி அனுப்பின ஏழுலயும் அவன் இருந்தான்யா" என்றார்.