பதில் வராத பதினாறாம் நாள்

ஒரு பெண்ணுக்கு நான் செய்த தப்பைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், முதலில் கிளியரிங் ஹவுஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்று எனக்குத் தூத்துக்குடியில் ஏற்கெனவே பேர் உண்டு.

வங்கியில் நான் சேர்ந்தது கடைநிலை ஊழியனாக. படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. இங்கிலீஷ் படித்ததெல்லாம் காசோலைகளில்தான். எண்ணில் போட்ட தொகையையும் எழுத்தில் எழுதிய தொகையையும் ஒத்துப் பார்த்துப் பார்த்தே வாசிக்கக் கற்றேன். பிறகு பரீட்சை எழுதி கிளார்க் ஆனதும் என்னைக் கிளியரிங்கில் போட்டார்கள்.

பேரைக் கேட்டதும் ஏதோ பெரிய மாளிகை என்று தோன்றும். எங்கள் ஊரில் அது ஒரு வங்கிக் கிளையின் மாடியில் இருந்த நீளமான அறை. நாலைந்து மேசை, மேலே கிறீச்சிடும் மின்விசிறி. தினமும் காலையில் ஊரிலுள்ள எல்லா வங்கி ஆட்களும் அங்கே வந்துவிடுவோம். உங்கள் வங்கிக் காசோலை என்னிடம் வந்திருக்கும், என் வங்கிக் காசோலை உங்களிடம் போயிருக்கும். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் தேடித் தெருத் தெருவாக அலைவதற்குப் பதில், எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து கட்டுகளை மாற்றிக்கொள்வது. கடைசியில் கூட்டிக் கழித்து, மிச்சம் யார் யாருக்கு என்பதை மட்டும் தீர்ப்பது. விஷயம் அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் ஊரெல்லாம் கிளியரிங் ஹவுஸ்தான். எந்தப் படகு என்ன மீனோடு கரைக்கு வந்தது, எந்த வியாபாரிக்கு என்ன வேண்டும் என்பது விடியற்காலை ஏலக்கூடத்தில் தீரும். எந்தத் தெருவில் வீடு காலி, யாருக்கு வீடு வேண்டும் என்பது டீக்கடையில் தீரும். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் காகிதம் கொடுத்து வெளியே எடுத்துக் கொடுக்கவே தனியாகக் கிளியரிங் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். கொடுப்பவனும் கேட்பவனும் சந்திக்க நடுவில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. நான் கொடுத்த காசோலையில் கோளாறு என்றால், கையெழுத்து ஒத்துவரவில்லை, கணக்கில் பணமில்லை என்றால், குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் அதைத் திருப்பித் தர வேண்டும். அதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். நேரம் தாண்டியும் ரிட்டர்ன் வரவில்லையென்றால் காசோலை பாஸ் ஆகிவிட்டதாக அர்த்தம். அப்புறம் நீங்கள் தலைகீழாக நின்றாலும் வாங்கமாட்டோம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் இதை ஒரே வரியில் சொல்லிக் கொடுப்பேன்: மௌனம் சம்மதம். எனக்குச் சொலவடை என்றால் உயிர். ஒரு சொலவடை ஒரு சட்டப் புத்தகத்துக்குச் சமம் என்று சொல்லித் திரிந்தவன் நான்.

பிறகு காசோலைகளைப் படமெடுத்து அனுப்பும் முறை வந்தது. கட்டுகள் போயின, மாடி அறை பூட்டப்பட்டது, எனக்கும் ஓய்வு வந்தது. எங்கள் சங்கத்துக் கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வரன் பதிவு மையம் நடக்கிறது. "அண்ணாச்சி, நீங்க வந்து ஒழுங்கு பண்ணுங்க" என்று கூப்பிட்டார்கள். போனேன். போய்ப் பார்த்தால், ஐயோ, அதுவும் ஒரு கிளியரிங் ஹவுஸ்! பெண் வீட்டு ஜாதகம் இங்கே, மாப்பிள்ளை வீட்டு ஜாதகம் அங்கே. மாற்றிக் கொடுக்க ஒரு மேசை. எனக்குப் பழைய ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது. வங்கி போலவே ஃபைல்கள் போட்டேன், வரிசை எண் கொடுத்தேன். ஜாதகம் வாங்கிப் போகிறவர்கள் மாதக்கணக்கில் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதைப் பார்த்து ஒரு சீட்டும் அச்சடித்தேன்: 'பதினைந்து நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்கவும்.'

தெரிவிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று சீட்டில் போடவில்லை. அது என் மண்டைக்குள் மட்டும் இருந்தது.

என்னோடு மேசையில் உட்காருகிறவர் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். என் சீட்டைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சி, இது செக்கு இல்ல, பிள்ளைய கொடுக்க எடுக்க உள்ள விஷயம். கெடு போட்டா கேப்பாவளா?"

"கேக்க வைப்போம் டீச்சர்" என்றேன்.

இனி அந்தப் பெண். மாப்பிள்ளையூரணியில் வீடு. அப்பாவுக்குத் துறைமுகச் சாலையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. அம்மா இல்லை. வயது முப்பத்தொன்று என்று படிவத்தில் அவளே தன் கையால் எழுதியிருந்தாள். மற்றவர்கள் இரண்டு வயதைக் குறைத்து எழுதும் இடத்தில் அப்படி எழுதியதாலேயே அவள் மேல் எனக்கு மரியாதை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் காகித வேலை பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்ம்மா" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவளுக்கு இரண்டு இடம் பொருந்தி வந்தது. ஒருவர் நாசரேத் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோனவர், பிள்ளை இல்லை. இன்னொருவர் ஊருக்குள்ளேயே, அனல்மின் நிலையத்தில் இன்ஜினியர். முதலில் மருந்துக்கடைக்காரர் பெண் பார்க்க வந்து போனார். மறுநாளே போனில், "எங்களுக்குச் சம்மதம், உங்க முடிவச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு, மகளை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதா என்று தயக்கம். அடுத்த வாரம் இன்ஜினியர் வீட்டார் மக்ரூன் பெட்டியோடு வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், "போயி பதில் சொல்லுதோம்" என்று போனார்கள்.

அவர்கள் வந்து போன பதினாறாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்ணின் அப்பா மாடியேறி வந்தார், மூச்சு வாங்க.

"அண்ணாச்சி, இன்ஜினியர் வீட்லருந்து ஏதும் சொன்னாவளா?"

ஃபைலைப் புரட்டினேன். "வேண்டாம்னு ஒண்ணும் வரலையே."

"அப்ப என்ன அர்த்தம்?"

"கெடு நேத்தோட முடிஞ்சிட்டு. ரிட்டர்ன் வரலைன்னா பாஸுன்னு அர்த்தம் அண்ணாச்சி. மௌனம் சம்மதம்லா."

அவர் முகம் விரிந்ததை இப்போதும் பார்க்கிறேன். "நாசரேத்துக்காரரு நேத்தும் போன் போட்டாரு. மகளுக்கு அவரு மேலதான் கொஞ்சம் இது. நாந்தான் பிடிகுடுக்காம நிக்கேன். அவருக்கு வேண்டாம்னு சொல்லிரட்டா?"

"சொல்லிருங்க. நல்ல மனுஷன், அவர எதுக்குக் காக்க வைக்கணும்?"

இன்ஜினியர் வீட்டுப் போன் எண் அந்த ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. சட்டம் தெளிவாக இருக்கும்போது போன் எதற்கு என்ற மிதப்பு. 'மகளுக்கு அவரு மேலதான் கொஞ்சம் இது' என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. விழுந்து, மறு காது வழியே போய்விட்டது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன்.

டீச்சர் அன்று வரவில்லை. அடுத்த ஞாயிறு விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி பண்ணி வச்சிருக்கீங்க? கேசரியத் தின்னுட்டு 'போயி சொல்லுதோம்'னா வேண்டாம்னுலா அர்த்தம். வேணும்னா வாசப்படி இறங்கதுக்குள்ள நாள் பாத்துருவாவளே! பொண்ணு வீட்ட முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னுதான வாய மூடிட்டு இருக்காவ. அது ஒரு மரியாத."

அப்போதுதான் போன் போட்டேன். இன்ஜினியரின் அப்பா தன்மையாகப் பேசினார். "வேற இடம் அமைஞ்சிட்டு அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கும் நல்ல இடமா அமையட்டும்."

நாசரேத்துக்குப் போட்டேன். மருந்துக்கடைக்காரரே எடுத்தார். "வேண்டாம்னு சொன்னது அவங்கதான? எங்க அக்கா மறுநாளே வேற வீட்டுல பேசி வாக்குக் குடுத்துட்டா. நல்ல நாள் பாத்தாச்சு" என்றார்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, இன்ஜினியர் கல்யாணத்துக்கு எங்கள் மண்டபத்தையே பதிவு செய்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவுக்குச் செய்தி போய், மண்டப வாசலில் வந்து நின்றார். முன்பணம் கட்ட வந்திருந்த இன்ஜினியரின் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"வாக்குக் குடுத்துட்டு மாத்துனா நீரெல்லாம் ஒரு மனுஷனாவே?"

"நாங்க எப்பவே வாக்குக் குடுத்தோம்?"

"பொய் சொல்லாதயும்! கூட ரெண்டு பவுன் கிடைச்சதும் அந்தப் பக்கம் சாஞ்சிட்டீரு. இந்தா நிக்காவளே அண்ணாச்சி, இவ்வோதான சொன்னாவ. கேளும்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சுற்றி நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். 'தப்பு என்னுடையது' என்று சொல்ல இரண்டு வார்த்தைதான். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவனுக்கு அன்று வாய் வரவில்லை. "விடுங்க அண்ணாச்சி, விடுங்க" என்று பெண்ணின் அப்பா கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப் போனேன். நான் மறுக்காததையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். தன்மையாகப் பேசிய ஒரு மனிதர், ஒரு தப்பும் செய்யாமல், அத்தனை பேர் முன்னால் வாக்கு மாறியவராக ஆனார்.

பல மாதம் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். மத்தியானம், டீச்சர் சாப்பிடப் போயிருந்த நேரம். தன் படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டும் எழுந்து போகவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அவங்க நெசமாவே சரின்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. கெடு, ரிட்டர்ன், பாஸ் எல்லாவற்றையும் சொன்னேன். போடாத போனையும், வாசலில் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன்.

கேட்டு முடித்தாள். பிறகு, "உங்க பேங்க்ல பதில் வரலைன்னா பாஸ். எங்க போர்ட்ல எப்படித் தெரியுமா மாமா? பதில் வரலைன்னா கண்டெய்னர் யார்டுலயே கிடக்கும். வெயில்ல கிடக்கும். ஒவ்வொரு நாளைக்கும் வாடகை ஏறிட்டே போகும். அதனால நாங்க ஒரு காகிதத்துக்குப் பத்துத் தடவ போன் போடுவோம். சும்மா இருக்கதுக்கு என்ன அர்த்தம்னு நாங்களா முடிவு பண்ண மாட்டோம்" என்றாள்.

குத்திக் காட்டும் குரல் இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு விளக்குவது போலச் சொன்னாள்.

"அவர உனக்குப் பிடிச்சிருந்துச்சாம்மா?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்த எல்லாரும் எவ்வளவு சம்பளம்னுதான் கேட்டாவ. அவரு ஒருத்தருதான் என்ன வேலைன்னு கேட்டாரு. சொன்னேன். முந்திரிக்கொட்ட கண்டெய்னர் வந்தா என்னென்ன காகிதம் வேணும்னுகூடக் கேட்டாரு. காப்பி ஆறிப்போற வரைக்கும் கேட்டாரு."

நான் எழுந்தேன். "இப்பவே உங்கப்பாட்ட வந்து சொல்லிருதேன். இன்ஜினியர் வீட்டுக்கும் போயி மன்னிப்புக் கேட்டுருதேன்."

"அவங்ககிட்டப் போங்க. கண்டிப்பாப் போங்க. ஆனா அப்பாட்ட வேண்டாம்."

"ஏம்மா?"

"அவரு இப்ப அந்த வீட்ட ஏசிக்கிட்டு ஒருமாதிரி நிம்மதியா இருக்காரு. நீங்க போயி சொன்னா உங்களக்கூட ஏசமாட்டாரு மாமா. 'நாந்தான நாசரேத்துக்காரருக்கு வேண்டாம்னு சொன்னேன்'னு தன்னத்தானே ஏசிக்குவாரு. எங்கம்மா போனதுக்கே இன்னும் அப்படித்தான் ஏசிட்டு இருக்காரு. இன்னொண்ணு தாங்கமாட்டாரு. அத நீங்களே உள்ளுக்குள்ள வச்சிக்கிடுங்க."

படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்ஜினியரின் அப்பாவிடம் போனேன். தப்பு முழுக்க என்னுடையது என்றேன். கேட்டுக்கொண்டு, "சரி, அன்னைக்கு அத்தன பேரு முன்னால அதச் சொல்லிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அதைக் கேட்டு, "அப்ப நானும் சும்மா இருந்துக்கிடுதேன்" என்றார். என்னைவிட எவ்வளவோ பெரிய மனுஷன்.

மையத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டாயிற்று. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போடுகிறேன். "என்ன அண்ணாச்சி, கடன்காரன் மாதிரி விடாமக் கூப்பிடுதீங்க" என்று ஏசுகிறார்கள். ஏசட்டும். அவளுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. வேலையில் அவளுக்குக் கீழே இப்போது நாலு பேர். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம்.

போன வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அதே மண்டபம். பந்தியில் இடம் தேடி நின்றேன். கயிற்றுக்கடை அப்பா கையைத் தூக்கிக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்கன வாங்க!" பக்கத்து நாற்காலியைத் தன் துண்டால் துடைத்து என்னை உட்கார வைத்தார். எதிர் வரிசையில் இன்ஜினியரின் அப்பா வந்து உட்கார்ந்தார்.

அப்பா குரலை வேண்டுமென்றே உயர்த்தினார். "பாத்தீங்களா, வாக்கு மாறினவனெல்லாம் வெள்ளையும் சொள்ளையுமா வந்து உக்காருதான்." பிறகு என் தோளில் கை போட்டார். "அந்த நேரத்துல உள்ளத உள்ளபடி சொன்ன ஒரே ஆளு நீங்கதான் அண்ணாச்சி. மறக்க மாட்டேன்."

எதிரே இருந்தவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, இலையில் தண்ணீர் தெளிக்கக் குனிந்தார். பெண்கள் வரிசையிலிருந்து அவளும் பார்த்தாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி, ஆறிரும்" என்று அப்பா தன் கையாலேயே என் இலைக்கு நெய்யை ஊற்றினார்.

நான் பிசைய ஆரம்பித்தேன்.