வாசலில் நின்ற அக்கா

மாரிகுப்பத்தில் நான் வேலை பார்த்த தையல் கம்பெனியைப் பெருக்கித் துடைக்க ஓர் அக்கா இருந்தார். குள்ளமான உருவம், இரண்டு பக்கமும் மூக்குத்தி. காலையில் ஈரத் துடைப்பத்தோடு வாசலில் நின்று எல்லோர் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். மூக்கு ஒழுகினால் வீட்டுக்குத்தான். என்னையே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஒரு மழைநாளில் முதலாளி இருமிக்கொண்டே வந்தார். அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார்.

"இன்னா சார், இந்த இருமு இருமுறீங்க? வூட்டுக்குப் போங்க."

"இது என் கம்பெனிம்மா!"

"உங்களுதுதான் சார். உள்ள முப்பது பேரும் ஒரே காத்தைத்தானே இழுக்கறோம்?"

அக்காவுக்கு வேலை போச்சு என்று பயந்தோம். முதலாளி சிரிக்கப்போய் இன்னும் பலமாக இருமினார். பிறகு காருக்குத் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு அந்த மழைக்காலம் முடியும்வரை எங்களில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. காரணம் சுத்தமா, அக்காமேல் இருந்த பயமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.